வாலில்லா யானை

சாமுண்டீஸ்வரிக்குச் 'செல்லாக்காசு நர்ஸம்மா' என்று பேர் வந்ததற்கு அவளேதான் காரணம். செஞ்சியிலிருந்து சிங்கவரம் பக்கமெல்லாம் சைக்கிள் மிதித்துப் போய்ப் பிரசவம் பார்க்கிற அரசாங்க நர்ஸ் அவள். குழந்தை பிறந்து எல்லாம் நல்லபடி முடிந்ததும் வீட்டுக்காரர்கள் வெற்றிலை பாக்கோடு ஒரு ரூபாயை மடித்து நீட்டுவார்கள். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வாள். சம்பளம் வாங்குகிற வேலைக்கு மேலே காசு வாங்கினால் ராத்திரி தூக்கம் வராது என்பாள். வெறுங்கையோடு அனுப்பினால் பிள்ளைக்கு ஆகாது என்று அவர்கள் விடமாட்டார்கள். இந்த இழுபறி நடுவாசலில் அரைமணி நேரம் நடக்கும்.

ஒருநாள் சிங்கவரத்து ராஜம்மாள் இதற்கு வழி கண்டுபிடித்தாள். உள்ளே போய், ஏர் ஓட்டும்போது கிடைத்த பச்சை பிடித்த செப்புக்காசு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "நீ காசுதானே வாங்க மாட்டே. இது செல்லாத காசு. வாங்கிக்க" என்று சொல்லி நர்ஸின் பைக்குள் போட்டுவிட்டாள்.

அந்த வழி ஊர் ஊராகப் பரவிவிட்டது. கோட்டையைச் சுற்றி இருக்கிற நிலத்தில் மழை பெய்து மண் கரைந்தால் காசு தலைகாட்டுவது வழக்கம். ஆடு மேய்க்கிறவர்கள் பொறுக்குவார்கள், களை எடுக்கிற பெண்கள் முந்தானையில் முடிந்துகொள்வார்கள். அதெல்லாம் இப்போது நர்ஸம்மாவுக்கு என்று எடுத்து வைக்கப்பட்டது. இரண்டு வருஷத்தில் பெரிய பவுடர் டப்பா ஒன்று நிறைந்துபோனது.

முதலில் அவளுக்கு அதில் ஒரு ருசியும் இல்லை. போகப்போக, சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் நெய்வேலியில் வேலை பார்த்தார், மாசத்துக்கு ஒருமுறைதான் வருவார். குதிரை போட்ட காசு, மயில் போட்ட காசு, புள்ளி புள்ளியாக என்னவோ எழுதிய காசு. பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த ஹபீபாவிடம் காட்டினால், இது அரபு எழுத்து இல்லை, பாரசீகமாக இருக்கும் என்பாள், அதோடு சரி. எழுத்து இருந்தும் படிக்க முடியவில்லையே என்று சாமுண்டிக்கு எரிச்சலாக இருக்கும்.

அப்படி இருக்கையில்தான் ஒரு குழந்தையின் அரைஞாணில் அந்தக் காசைப் பார்த்தாள். ஒரு பக்கம் பூ. மறுபக்கம் தமிழ். புதுச்சேரி என்று ஒரு சொல்லை உடைத்து உடைத்து எழுதியிருந்தது. வெள்ளைக்காரன் போட்ட காசில் தமிழா என்று அவள் குனிந்து குனிந்து பார்க்க, குழந்தைக்கு என்னவோ ஏதோ என்று தாய்க்காரி அழத் தொடங்கிவிட்டாள். குழந்தை இடுப்பில் இருப்பதைக் கேட்க முடியுமா. ஆனால் அன்றிலிருந்து அந்தப் படிக்க முடிகிற காசு ஒன்று தனக்கு வேண்டும் என்று அவளுக்கு ஆகிவிட்டது. டப்பாவில் ஒரே மாதிரி இருப்பதை விற்று, அதை வாங்கிவிட வேண்டும்.

யாரிடம் விற்பது, யாரிடம் வாங்குவது என்பதில்தான் சிக்கல். பழங்காசு வாங்குகிறவர்கள் என்று அவளுக்குத் தெரிந்து மூன்று பேர். கடைத்தெருவில் ஒரு நகைக்கடை முதலாளி. வாரச் சந்தையில் பெரிய கறுப்புக் குடையை நட்டுக்கொண்டு உட்காருகிற ஒரு வெளியூர்க்காரர். அவரைக் குடைக்காரர் என்றால்தான் தெரியும். மூன்றாவது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த தரணேந்திர நயினார். மேல்சித்தாமூர்க்காரர். மல்லாட்டை வியாபாரம் அவருக்குத் தொழில், காசு வியாபாரம் ஆசை. மூன்று பேரைப் பற்றியும் ஊரில் கேட்டுப் பார்த்தாள். நகைக்கடைக்காரர் தங்கமான மனுஷர் என்றார்கள். குடைக்காரர் வாயில் தேன் ஒழுகும் என்றார்கள். நயினாரிடம் மட்டும் போகாதே, மூஞ்சியில் அடித்த மாதிரி பேசுவார் என்றார்கள்.

ஹபீபாவின் யோசனை வேறாக இருந்தது. அவள் தையல்கார சைபுதீனின் மனைவி. கறிக்காரனிடம் எலும்பைக் குறைக்கச் சொல்லி வாதாடி ஜெயிக்கிற பெண். "ஊர்ல கேட்டா எப்படிக்கா தெரியும்? நீ போயி ஒரு காசை வித்துட்டு வா. கொஞ்ச நாள் கழிச்சு அதே காசை நான் போயி வாங்கறேன். வாங்கும்போது இன்னா சொன்னாங்க, விக்கும்போது இன்னா சொல்றாங்கன்னு பாத்தா ஆளு யாருன்னு தெரிஞ்சிபுடும்" என்றாள்.

அதற்குத் தோதாக டப்பாவில் மூன்று யானைக்காசு இருந்தன. சிங்கவரத்துப் பாவாடை என்கிற குடியானவர் கிணறு தோண்டும்போது கிடைத்தவை. அவர் மகளுக்குப் பிரசவம் பார்த்தபோது மூன்றையும் கொடுத்துவிட்டார். ஒன்று தேய்ந்து யானை பன்றி மாதிரி ஆகியிருந்தது. இன்னொன்று முழுசு, தும்பிக்கையிலிருந்து வால்வரை தெளிவாக இருந்தது. மூன்றாவதன் மேல் பாவாடையின் கடப்பாறை விழுந்து வால் இருந்த இடம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. காசைக் கெடுத்துட்டேனே தாயி என்று அன்றைக்கு அவர் ரொம்ப வருத்தப்பட்டார்.

தேய்ந்ததை நகைக்கடைக்கு எடுத்துப்போனாள். முதலாளி எழுந்து நின்று வரவேற்று, சோடா வாங்கிவரச் சொல்லி, காசை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது வெறும் செம்பு, பாத்திரக்காரன்கூட வாங்க மாட்டான், உங்கள் முகத்துக்காக நாலணா தருகிறேன் என்றார். சோடாவே அதற்கு மேல் ஆகியிருக்கும் போலிருக்கிறதே என்று அவள் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டு வந்தாள்.

வால் போனதைச் சந்தையில் குடைக்காரரிடம் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உங்களைப் போலப் படித்தவர்கள் கைக்குத்தான் இப்படிப்பட்ட பொருள் வந்து சேரும் என்றார். பேரம் பேசாமல் மூன்று ரூபாய் கொடுத்து, இன்னும் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது சாமுண்டி சைக்கிளில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். ஆளைக் கண்டுபிடித்தாயிற்று என்றே நினைத்தாள்.

முழுசாக இருந்ததை நயினாரிடம் கொண்டுபோனபோது அவர் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துப் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனுஷர், மூக்குக்கண்ணாடிக்கு ஒரு காது நூலால் கட்டியிருந்தது. உட்காரச் சொல்லவில்லை. காசை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"புளி போட்டுத் தேச்சது யாரு?"

அவள், நான்தான், பளபளப்பாக இருக்கட்டும் என்று, என்றாள்.

"நல்லவேளை, நீங்க பிரசவம் பாக்குற பிள்ளையை இப்படித் தேய்க்கலே" என்றார். நானூறு வருஷம் மண்ணுக்குள்ளே இருந்து சேர்த்த நிறத்தை ஒரு உருண்டைப் புளியில் தொலைத்துவிட்டீர்கள் என்று ஒரு பாட்டம் திட்டினார். தேய்க்காமல் கொண்டுவந்திருந்தால் அஞ்சு ரூபாய்க்குக் குறையாது, இப்போது இரண்டு ரூபாய், இஷ்டமிருந்தால் கொடுங்கள் என்றார். சாமுண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. சோதனைக்காக வந்தோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு ரூபாயை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். இந்த ஆளிடம் இனிமேல் செத்தாலும் வரமாட்டேன் என்று ஹபீபாவிடம் சொன்னாள்.

மாசம் ஒன்று போனது. ஹபீபா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் நகைக்கடை. அந்தப் பன்றிமுக யானை ஊதாக் காகிதத்தில் சுற்றி வெல்வெட் பெட்டிக்குள் இருந்தது. தேசிங்கு ராஜா கோட்டையைவிட்டுக் கடைசியாகக் கிளம்பும்போது குதிரைமேல் இருந்தபடி வீசிய காசு என்றார் முதலாளி. விலை பதினைந்து ரூபாய். ராஜா அவசரத்தில் போகும்போது செப்புக்காசா எடுத்து வீசினாரு என்று ஹபீபா கேட்டிருக்கிறாள். முதலாளிக்குச் சோடா வாங்கிவரச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்து மண்டி. சூரியன் சாய்கிற நேரம். நயினார் இருட்டுமுன் சாப்பிட்டுவிடுகிற ஜைனர், அதனால் அந்த நேரத்தில் அவருக்குக் கோபம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். ஹபீபா யானைக்காசு வேண்டும் என்றாள். எடுத்து வைத்தார். இது ஒரு நர்ஸிடம் இரண்டு ரூபாய்க்கு வாங்கியது, இரண்டரைக்குத் தருவேன், எட்டணா என் பங்கு என்றார். பிறகு, எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டார். ஹபீபா அதை யோசித்து வைத்திருக்கவில்லை. குழந்தை அரைஞாணில் கட்ட என்று வாயில் வந்ததைச் சொன்னாள். உடனே அவர் காசை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். செம்பு வேர்வையில் பச்சை விடும், குழந்தை வாயில் வைக்கும், வெள்ளிக்காசாகப் பார்த்துக் கட்டுங்கள், இதை விற்க மாட்டேன் என்றார். ஹபீபா எவ்வளவு வாதாடியும் நடக்கவில்லை.

"கையில ரூபாயை வச்சிக்கினு நிக்கறேன், குடுக்க மாட்டேன்றாரு. இந்த மனுஷன் எப்படிக்கா யாவாரம் பண்ணிப் பொழைக்கிறாரு?" என்று வீட்டுக்கு வந்து ஆற்றாமையோடு கேட்டாள். கறிக்கடையில் தோற்காதவள் மல்லாட்டை மண்டியில் தோற்றுவிட்டாள். செத்தாலும் போகமாட்டேன் என்று சொன்னது சாமுண்டிக்கு நினைவுக்கு வந்தது.

மிச்சம் இருந்தது குடைக்காரர். அடுத்த சந்தைக்குப் போன ஹபீபா திரும்பி வந்தபோது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துப்பட்டியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சிரித்தாள்.

"யானைக்காசு இருக்குதான்னு கேட்டேன். இருக்குதும்மான்னு துணியை விரிச்சாரு. அஞ்சு யானை. அஞ்சுக்கும் வாலு இல்லேக்கா" என்றாள்.

எது சாமுண்டியின் காசு என்று தெரியாமல் ஒன்றை ஆறு ரூபாய்க்கு வாங்கி வந்திருந்தாள். சாமுண்டி விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். கடப்பாறை விழுந்த அதே இடம், அதே சாய்வு. ஆனால் அவள் காசில் வெட்டின விளிம்பு நகத்தைக் கீறும். இதில் சோப்பு மாதிரி வழுவழுவென்று இருந்தது. அச்செடுத்து வார்த்திருக்கிறார்கள். தன் காசை விதைநெல் மாதிரி போட்டு அறுவடை செய்திருக்கிறார் குடைக்காரர் என்று புரிந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் ஹபீபா சிரித்துக்கொண்டே இருந்ததால் கோபம் நிலைக்கவில்லை.

ஆக, ஆள் யார் என்று முடிவாகிவிட்டது. மறுநாள் டியூட்டி முடிந்ததும், திட்டு வாங்கத் தயாராக மண்டிக்குப் போனாள். புதுச்சேரிக் காசு ஒன்று வேண்டும் என்று கேட்டாள். இருக்கிறது, பார்க்கலாம் என்றார் நயினார். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். உட்காரச்சொல்லி ஒரு மூட்டையைக் காட்டினார். தகரப்பெட்டியைத் திறந்து, புதுச்சேரிக் காசை எடுக்காமல் வேறொரு பொட்டலத்தைப் பிரித்தார். புதிதாகக் கல்யாணமான மாப்பிள்ளை போட்டோ காட்டுகிற மாதிரி இரண்டு காசுகளை அவள்முன் வைத்தார்.

இரண்டும் வாலில்லாத யானை.

"நீங்க கொண்டாந்த யானைக்கு வாலு இருந்துது இல்லையா? இதைப் பாருங்க. ஒரு காசுல வாலு இல்லேன்னா அது அடிபட்டது. ரெண்டு காசுல ஒரே மாதிரி வாலு இல்லேன்னா அது ராஜா உத்தரவு" என்றார்.

வாலில்லாத யானையை முத்திரையாக வைத்துக்கொண்ட ஒரு சிற்றரசன் இந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும், இதுவரை யாருக்கும் தெரியாது, மெட்ராஸ் மியூசியத்துக்கு எழுதிப் போடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒன்று பன்னிரண்டு ரூபாய் என்று குடைக்காரரிடம் வாங்கினாராம். மனுஷர் மல்லாட்டை உடைப்பதை மறந்து கையை ஆட்டிப் பேசி அவள் பார்த்ததே இல்லை.

சாமுண்டி ஒன்றை எடுத்து வெட்டின விளிம்பை நகத்தால் தடவினாள், சோப்பு மாதிரி வழுக்கியது. போலி என்று சொன்னால் இவரைச் சோதித்த கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த ஒரே ஒரு நல்ல ஆளும் கையைவிட்டுப் போய்விடுவார். புதுச்சேரிக் காசும் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மூட்டையைவிட்டு எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். வந்த வியாபாரத்தை விட்டு, குழந்தைக்கு வெள்ளிக்காசு கட்டச் சொன்ன ஆள் அல்லவா இவர் என்று தோன்றியதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ராஜா உத்தரவு இல்லீங்க ஐயா. சிங்கவரத்துப் பாவாடையோட கடப்பாறை."

நயினார் புரியாமல் பார்த்தார். அவள் பையிலிருந்து, ஹபீபா வாங்கிவந்த வாலில்லாத யானையை எடுத்து மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தாள். கிணறு தோண்டியது, மூன்று காசு, மூன்று கடை, ஹபீபாவின் யோசனை, குடைக்குக்கீழே ஐந்து யானை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நயினார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தடவினார். மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

"அந்தத் துப்பட்டி போட்ட அம்மா நீங்க அனுப்பினவங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்போ என்னைப் பரீட்சை வச்சிருக்கீங்க. பாஸா பெயிலா?"

சாமுண்டிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "யாவாரத்துல பாஸுங்க. காசு பாக்கறதுல பெயில்" என்றாள்.

நயினார் சிரித்துவிட்டார். முதலில் இருமல் மாதிரிதான் வந்தது. பிறகு மூக்குக்கண்ணாடி நூல் அவிழ்ந்து விழுகிற அளவுக்குச் சிரித்தார். இந்தக் கடையில் வந்து என் முகத்துக்கு நேரே இது போலி என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றார். காசு கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் இவரை ஏமாற்றத்தான் வருவார்களாம். அதனால்தான் வருகிறவர்களையெல்லாம் முதலில் திட்டிவிடுவது, திட்டுக்குப் பிறகும் நிற்கிறவர்கள் யோக்கியமானவர்களாக இருப்பார்கள் என்று ஒரு கணக்கு. குடைக்காரர் எவ்வளவு திட்டினாலும் சிரித்துக்கொண்டே நின்றதால் அவரை ரொம்ப யோக்கியம் என்று நம்பிவிட்டார்.

அடுத்த சந்தையன்று நயினார் மண்டியை அடைத்துவிட்டுக் கிளம்பியதைக் கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. கூடவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நர்ஸம்மா, துப்பட்டியோடு ஹபீபா. நயினார் குடைக்குமுன் குந்தி உட்கார்ந்து, மெதுவான குரலில், வால் இருக்கிற யானைக்காசு ஒன்று வேண்டும் என்றார். குடைக்காரர் வழக்கம்போல் இனிக்க இனிக்கப் பேசினார். இந்தக் காசைப் போட்ட ராஜாவுக்கு யானை வாலைக் கண்டாலே ஆகாது, அதனால் நாடு முழுக்க வாலில்லாத யானைதான் என்றார். நயினார் அவரிடம் உளறின கதையே இப்போது விலை ஏறித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அந்த ராஜாவை நான் கூட்டிக்கினு வந்திருக்கறேன்" என்றார் நயினார்.

கன்றுக்குட்டி விற்பதற்காகச் சந்தைக்கு வந்திருந்த பாவாடையை நர்ஸம்மா முன்னால் நகர்த்தினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிணறு தோண்டும்போது தெரியாமல் கடப்பாறையைப் போட்டுவிட்டேன், மன்னிச்சுக்கணும் என்று குடைக்காரரிடமே கையெடுத்துக் கும்பிட்டார். கூடியிருந்தவர்களுக்குக் கதையை ஹபீபா எடுத்துச் சொன்னாள், கொஞ்சம் கை கால் வைத்தே சொன்னாள். சந்தை சிரித்த சிரிப்பில் கன்று மிரண்டு குடையை இடித்தது. குடைக்காரர் நயினாரின் பணத்தையும் ஹபீபாவின் பணத்தையும் எண்ணிக் கீழே வைத்துவிட்டு, விரித்த துணியை நாலு மூலையும் சேர்த்துக் கட்டினார். நயினார் அந்த மூட்டையை மறுபடி பிரிக்கச் சொன்னார். உள்ளே இருந்த யானைகளின் பின்பக்கத்தை ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பார்த்து, நகத்தைக் கீறின ஒன்றை எடுத்துச் சாமுண்டியிடம் கொடுத்தார். குடைக்காரர் அவளுக்குக் கொடுத்திருந்த மூன்று ரூபாயைச் சாமுண்டி திருப்பி வைத்தாள். அதன்பிறகு அந்தக் குடையைச் செஞ்சிச் சந்தையில் யாரும் பார்க்கவில்லை. பாவாடையை மட்டும் ரொம்ப நாளைக்கு ராஜா என்று கூப்பிட்டார்கள். அவரும் பழகிக்கொண்டார்.

புதுச்சேரிக் காசை நயினார் சும்மா கொடுப்பார் என்று ஹபீபா பந்தயம் கட்டியிருந்தாள். தோற்றாள். அவர் வாங்கின விலையைச் சொல்லி, தன் பங்கையும் சேர்த்து, கறாராக வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். சாமுண்டிக்கு அதுதான் பிடித்திருந்தது. வீட்டு வாசலில் வெயிலில் நின்று, உடைந்து கிடந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். ஹபீபா எட்டிப் பார்த்தாள்.

"புதுச்சேரின்னு எழுதியிருக்குது. இதேதான் பஸ் போர்டுலயும் எழுதியிருக்குது. இதுக்காக்கா இவ்ளோ?" என்றாள்.

சாமுண்டி காசை அவள் கையில் வைத்தாள். ஹபீபா அதைத் திருப்பிப் பூவைப் பார்த்தாள், மறுபடி எழுத்தைப் பார்த்தாள், பிறகு ரொம்ப நேரம் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த வாரமே அவள் தனக்கென்று ஒரு காசு வாங்க மண்டிக்குப் போய், விலையில் காலணா குறைக்க முடியாமல் திரும்பி வந்தாள். அதற்கடுத்த வாரமும் போனாள்.

நயினாரின் வாய் மாறவில்லை. யாராவது நர்ஸம்மாவிடம் பழங்காசு விற்க நல்ல ஆள் சொல்லுங்கள் என்றால், மல்லாட்டை மண்டிக்குப் போங்கள், முதல் கால்மணி நேரம் திட்டுவார், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி அனுப்புவாள். அவரும் புதிதாக எந்தக் காசு வந்தாலும் வயிற்றுவலி என்று ஆள் அனுப்பி அவளைக் கூப்பிடுவார். அவள் மருந்துப் பையோடு போய் நாடியைப் பிடித்துப் பார்ப்பாள். அவர் மற்றக் கையால் தகரப்பெட்டியைத் திறப்பார். காசைக் காட்டத்தான் கூப்பிட்டேன் என்று மட்டும் ஒருநாளும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.